கையெழுத்து எல்லாமே தலையெழுத்துதான்

போன மாதம் இந்தப் பகுதியில் ஒருவர், "மகனுடைய எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது, நல்ல பேனா ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். பேனாவை மாற்றிப் பயனில்லை, கோழி கிண்டுவது மூளையில் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரி பலரை உசுப்பிவிட்டது. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி நல்ல கேள்விகள். திட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேள்விகளுக்கு இதோ பதில்.

முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். பலகையில் எழுதும்போது தோளும் முழங்கையும் அசையும். நோட்டுத் திருத்தும்போது விரல்கள் மட்டும்தான். ஆனால் இரண்டு இடத்திலும் என் 'க' ஒரே 'க'. கடைசி பெஞ்சுப் பையன்கூட 'இது டீச்சர் எழுத்து' என்று சொல்லிவிடுவான். தசைகள் வேறு வேறாக இருக்கும்போது எழுத்து மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

டீச்சர், ரஷ்யாவில் நிகொலாய் பெர்ன்ஷ்டைன், அமெரிக்காவில் கார்ல் லாஷ்லி என்று சென்ற நூற்றாண்டின் பெரிய மூளை ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை நீங்கள் சாக்பீஸ் பிடித்தே கண்டுபிடித்திருக்கிறீர்கள். 'க' எழுத இந்தத் தசையை இவ்வளவு இழு, அந்தத் தசையை அவ்வளவு தளர்த்து என்று மூளை குறித்து வைத்திருந்தால், பலகைக்குப் போனதும் அந்தக் குறிப்பு குப்பைக்குத்தான் போக வேண்டும். அப்படி நடப்பதில்லை. அப்படியானால் மூளையில் இருப்பது தசைகளுக்கான உத்தரவு இல்லை, அதற்கும் மேலே உள்ள ஒன்று: எங்கே ஆரம்பித்து, எந்தப் பக்கம் வளைந்து, எங்கே வேகம் எடுத்து, எங்கே நிற்பது என்ற ஒரு போக்கு. அதை விரலால் செய்வதா தோளால் செய்வதா என்பது பிறகு கீழ்மட்டத்தில் முடிவாகிற விஷயம்.

1977ல் மார்க் ரெய்பர்ட் என்ற ஆய்வாளர் (பின்னாளில் பாஸ்டன் டைனமிக்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தை ஆரம்பித்தவர் இவர்தான்) ஒரே ஆங்கில வாக்கியத்தை ஐந்து விதமாக எழுதிக் காட்டினார். வலது கையால் ஒரு தடவை, மணிக்கட்டை அசையாமல் கட்டிக்கொண்டு ஒரு தடவை, இடது கையால், பல்லில் பேனாவைக் கடித்துக்கொண்டு, கடைசியாகக் காலில் பேனாவை ஒட்டிக்கொண்டு. பல்லாலும் காலாலும் எழுதியது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதியவர் ஒருவரே என்று குழந்தைகூடச் சொல்லும். பல் என்ன எழுத்துப் பயிற்சியா செய்திருக்கும்?

1999ல் இன்னொரு குழு ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, கை விரலால் ஒரு தடவை, கால் பெருவிரலால் ஒரு தடவை தங்கள் கையெழுத்தைப் போடச் சொன்னது. கால் விரல் அசையும்போது மூளையில் காலுக்கான பகுதி வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், கை விரலால் எழுதும்போது வேலை செய்கிற, அசைவைத் திட்டமிடும் பகுதிகளும் கூடவே விழித்துக்கொண்டன. கை சும்மா இருக்கிறது, கையின் திட்டம் மட்டும் காலுக்குக் கடன் போகிறது.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். பலகையில் எழுத்து பத்து மடங்கு பெரிது, ஆனால் எழுத எடுக்கும் நேரம் பத்து மடங்கு ஆவதில்லை, கொஞ்சம்தான் கூடும். எழுத்து பெரிதாகும்போது கையின் வேகமும் தானாகக் கூடிவிடுகிறது. மூளை எழுத்தைப் படமாக மட்டும் வைத்திருக்கவில்லை, அதற்கு ஒரு தாளமும் வைத்திருக்கிறது. அடுத்த முறை மெரினாவுக்கோ காரைக்காலுக்கோ போனால், யாரும் பார்க்காதபோது ஈர மணலில் கால் விரலால் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள், டீச்சர்.

பென்ஷன் வேலையாக ஒரு வங்கிக்குப் போனேன். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னார்கள். கவனமாகப் போடப் போட இன்னும் கேவலமாக வந்தது. என் கையெழுத்து எனக்கே வராதா?
(மதுரை வாசகர், வயது 66)

வராது ஐயா, கவனித்தால் வராது. கண் பார்த்து, மூளை தப்பைக் கண்டுபிடித்து, கைக்குத் திருத்தம் அனுப்ப நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். வேகமாக எழுதுபவர் அந்த நேரத்துக்குள் ஒரு வளைவை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அதனால் பழகிய எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுத முடியாது. முன்கூட்டியே மொத்தமாகத் தயாராகி ஒரே மூச்சில் வெளியே வர வேண்டும். இப்படி முன்கணக்குப் போட்டுக் கொடுப்பதிலும், போன தடவை நடந்த பிழையை வைத்து அடுத்த தடவைக்கான கணக்கைச் சரிசெய்வதிலும் பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் பயந்துபோய் ஒவ்வொரு கோடாகக் கண்காணித்ததும் அந்த ஓட்டம் அறுந்துவிட்டது. மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது காலைப் பார்த்தால் தடுமாறுவோமே, அதே கதை.

கள்ளக் கையெழுத்து பிடிபடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். போலி போடுகிறவர் உருவத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் பார்த்து வரைவதால் கோடு மெதுவாகப் போகும், நடுக்கம் தெரியும், பேனா தூக்கக்கூடாத இடத்தில் தூக்கியிருக்கும். இயல்பாக எழுதுகிற கை வளைவில் வேகம் குறைத்து, நேர்க்கோட்டில் வேகம் எடுக்கும். எவ்வளவு வளைவுக்கு எவ்வளவு வேகம் குறையும் என்பதற்கு ஒரு கணிதச் சூத்திரத்தையே 1983ல் இத்தாலிய ஆய்வாளர்கள் கொடுத்துவிட்டார்கள். பார்த்து வரைகிற கைக்கு அந்த ஏற்ற இறக்கம் வராது. வேடிக்கை என்னவென்றால், வங்கியில் மூன்றாவது தடவை நீங்கள் போட்டது உங்கள் கையெழுத்துக்கு நீங்களே போட்ட போலி. அடுத்த தடவை பக்கத்தில் நிற்பவரிடம் ஏதாவது பேசிக்கொண்டே போடுங்கள்.

சரி, கண்ணும் வேண்டாம் என்றால் கை தன் போக்கில் குருட்டாம்போக்காகப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. தன் விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற சேதி தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் தோலிலிருந்தும் ஓயாமல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன் சாட்சி. 1971ல் 19 வயதில் வந்த ஒரு நோயால் கழுத்துக்குக் கீழே அவருக்கு இந்த உணர்வு முழுக்கப் போய்விட்டது. தசைகளில் பலம் அப்படியே இருந்தது, ஆனால் உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து மீண்டும் கற்றுக்கொண்டார், நடக்க, சாப்பிட, எழுத. விளக்கை அணைத்தால் எல்லாம் போச்சு.

டாக்டர்கள் எழுத்து ஏன் அப்படி?
(திருச்சி)

அவசரம்தான், வேறு மர்மம் இல்லை. வேகம் கூடினால் துல்லியம் குறையும், எந்தக் கைக்கும் இதுதான் விதி. மருந்துச் சீட்டில் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016ல் விதியே கொண்டுவந்தது. மருந்துக் கடைக்காரர்களிடம் கேட்டால் அதன் பலனைச் சொல்வார்கள்.

தாத்தா இன்னும் யானைத் துதிக்கை போட்ட பழைய 'லை'தான் எழுதுகிறார். வாட்ஸ்அப்பில் புது எழுத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறார். பேனா எடுத்தால் பழையது வந்துவிடுகிறது. பிடிவாதமா, மறதியா?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

இரண்டும் இல்லையம்மா. பெரியார் தன் ஏடுகளில் 1930களிலேயே எழுதிக் காட்டிய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை, 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறு, அப்புறம் ணை, லை, ளை, னை, ஆக மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. உங்கள் தாத்தா அதற்குள் பள்ளிக்கூடமே முடித்திருப்பார்.

கண்ணுக்குப் புது உருவம் பழகுவது சுலபம். கைக்கு ஏற்கெனவே ஊறிய ஒன்றை மாற்றுவது கஷ்டம், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு வகை ஞாபகம். இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953ல் அவர் மூளையின் உட்பகுதியில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரத்தைப் பேனாவால் வரையச் சொன்னார். செய்து பாருங்கள், இடது வலது குழம்பிப் பேனா கண்டபடி ஓடும். மொலேசனுக்கும் முதல் நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் சுத்தமாக வரைந்தார். ஆனால் இதை இதற்கு முன் செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை! ஆளுக்கு மறந்துவிட்டது, கைக்கு மறக்கவில்லை. (கை என்று பேச்சுக்குச் சொல்கிறேன், அதுவும் மூளைதான், வெட்டப்படாமல் தப்பிய வேறு பகுதிகள்.) தாத்தாவின் 'லை' அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது. அவரை விட்டுவிடுங்கள். முடிந்தால் அவர் எழுதிய நாலு பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள், அந்தத் துதிக்கையை இயல்பாகப் போடுகிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அப்பாவின் எழுத்து ஒரு வருடமாகச் சின்னதாகிக்கொண்டே போகிறது. வரியின் ஆரம்பத்தில் சரியாக இருக்கும், கடைசியில் எறும்பு மாதிரி ஆகிவிடும். கண்ணாடி மாற்றினோம், பலன் இல்லை.
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

இதற்குப் பதிலை இதழ் வரும்வரை வைத்திருக்காமல் உங்களுக்குத் தனியாகவே எழுதிவிட்டேன், இருந்தாலும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். எழுதிக்கொண்டு போகப் போக எழுத்து சுருங்குவது பார்க்கின்சன் நோயில் வருகிற ஒரு அடையாளம். சிலருக்கு மற்ற அறிகுறிகள் வெளியே தெரிவதற்கு முன்பே இது வந்துவிடும். சின்னதாக எழுதுகிறவர்களுக்கு எல்லாம் அந்த நோய் என்று அர்த்தம் இல்லை. முன்பு நன்றாக எழுதியவருக்கு மாறியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய டைரி, பழைய வங்கிப் படிவம் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது நல்ல ஆதாரம்.

ஏன் சுருங்குகிறது? மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்ற நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. ஒரு அசைவை ஆரம்பித்து வைப்பது, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு வீரியமாகச் செய்வது என்று அளவு வைப்பது ஆகியவற்றில் அதற்குப் பங்கு உண்டு. அது ஒழுங்காக வேலை செய்ய டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். பார்க்கின்சனில் அதைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன. என்ன எழுத வேண்டும் என்ற திட்டம் கெடவில்லை, வானொலியில் சத்தத்தைக் குறைத்த மாதிரி அசைவின் அளவு குறைந்துவிடுகிறது. நடையில் அடிகள் குறுகுவதும் குரல் தணிவதும் இதே குறைவுதான். பேனா பிடிக்கும் விதத்தைக் குறை சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். கோடு போட்ட தாள், அதிலும் மேலேயும் கீழேயும் கோடு உள்ள நாலு கோடு நோட்டு கொடுத்துப் பாருங்கள். உள்ளே தளர்ந்துபோன அளவுகோலுக்குப் பதிலாக வெளியே ஒரு அளவுகோல் கிடைப்பதால் பலருக்கு எழுத்து சட்டென்று பெரிதாகிறது. நோய்க்கு மருந்து அது இல்லை, ஆனால் காசோலையில் பெயர் எழுத முடிகிறது.

கை நடுங்கி எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வருவது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். மருத்துவர்கள் ஒரு சுருள் கோடு வரையச் சொல்வதே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

நான் காவல் நிலையத்தில் ரைட்டர். பதினெட்டு வருடம் எழுதியே தேய்ந்த கை. இப்போது பேனாவைத் தாளில் வைத்ததும் விரல்கள் முறுக்கிக்கொள்கின்றன. சட்டைப் பட்டன் போடுகிறேன், பைக் ஓட்டுகிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது. வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்கிறார்கள்.
(வேலூர் மாவட்டம்)

நடிப்பு இல்லை. ரைட்டருக்கு வந்திருக்கும் இதன் பெயரே ரைட்டர்ஸ் கிராம்ப் ஆக இருக்கலாம். எழுதும்போது மட்டும் வருவதும், மற்ற வேலைக்கு அதே விரல்கள் சரியாக ஒத்துழைப்பதும்தான் இந்த நோயின் முத்திரை, அதனாலேயே நெடுங்காலமாக இது வந்தவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொழில் நோய்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமாஸ்ஸினி 1713லேயே எழுத்தர்களின் கைநோவைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலது கை போய்விட்டது, மனிதர் இடது கையால் எழுதப் பழகினார், கொஞ்ச நாளில் அதே தொல்லை இடது கைக்கும் வந்துவிட்டதாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் சார்லஸ் பெல் 1830ல் இதை மருத்துவ ரீதியாக விவரித்தார்.

கோளாறு விரலில் இல்லை. ஒரு தசை சுருங்கும்போது எதிர்த் தசை விட்டுக்கொடுக்க வேண்டும், மூளை அந்த ஏற்பாட்டைச் செய்கிறது. ஒரே நுணுக்கமான அசைவை வருடக்கணக்கில் ஓயாமல் செய்கிற சிலருக்கு அந்த ஏற்பாடு குழம்பி, இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பிக்கின்றன. வீணை, கிடார் வாசிப்பவர்களுக்கும் இந்த வகைத் தொல்லை வருவதுண்டு. தடிமனான பேனா, பிடியை மாற்றுவது, இயன்முறைப் பயிற்சி, தேவைப்பட்டால் குறிப்பிட்ட தசையில் போட்டாக்ஸ் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்துதான். நரம்பியல் மருத்துவரிடம் எழுத்திலேயே சான்று வாங்கி மேலதிகாரி மேஜையில் வையுங்கள்.

மூணரை வயதுப் பேத்தி எல்லாம் இடது கையில். பள்ளிக்கூடம் போகும் முன் மாற்றிவிட வேண்டும் என்று வீட்டில் சண்டை.
(ஈரோடு பாட்டி)

மாற்றாதீர்கள் பாட்டி. சோற்றுக் கை விஷயத்தில் வீட்டு வழக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. பேனா விஷயத்தில் தலையிடுகிறேன். பத்துப் பேரில் ஒருவர் ஏறக்குறைய இப்படித்தான் பிறக்கிறார். சின்ன வயதில் வலுக்கட்டாயமாக வலது கைக்கு மாற்றப்பட்டவர்கள் பெரியவர்களான பிறகு வலது கையால் எழுதும்போது ஜெர்மனியில் மூளையைப் படம் எடுத்தார்கள், 2002ல் வந்த ஆய்வு அது. பல வருடம் வலது கையால் எழுதியும், இடது கைக்காரர்களுக்கே உரிய மூளையின் வலப்பக்க வேலை அவர்களுக்குள் அணையவே இல்லை. கையைத்தான் மாற்ற முடிந்தது. நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைக்கக் கற்றுக்கொடுங்கள், எழுதியதைக் கை அழிக்காமல் இருக்கும்.

யு.கே.ஜி. பையன் 3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போடுகிறான். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா?
(சேலம்)

இந்த வயதில் இல்லை, பயப்படாதீர்கள். இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் பசு பசுதான் என்று கற்றுக்கொண்ட மூளைக்கு, 3 மட்டும் திரும்பினால் 3 இல்லை என்று தெரியக் கொஞ்ச நாள் ஆகும். ஏழு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கப்புறமும் நீடித்து, வாசிப்பும் திணறினால் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு இனி டேப்லட் போதாதா? கையால் எழுதினால் மூளை வளரும் என்று பார்வர்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. உண்மையா, உட்டாலக்கடியா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

கொஞ்சம் உண்மை, மேலே நிறைய சர்க்கரைப்பாகு. அந்த மெசேஜில் வருவது அநேகமாக நார்வேயின் டிரோன்ட்ஹைம் ஆய்வு, 2024 ஜனவரியில் வெளிவந்தது. 36 மாணவர்கள் தலையில் 256 உணரிகள் உள்ள வலையை மாட்டிக்கொண்டு திரையில் டிஜிட்டல் பேனாவால் எழுதினார்கள், விசைப்பலகையிலும் தட்டினார்கள். எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே தொடர்பு அதிகமாக இருந்தது. நல்லது. ஆனால் தட்டச்சு செய்ததோ ஒரே ஒரு ஆட்காட்டி விரலால், அப்படி யார் டைப் அடிக்கிறார்கள், எங்கள் மாமாவைத் தவிர? அதிலும் யாருக்கு என்ன நினைவில் நின்றது என்று அந்த ஆய்வு அளக்கவே இல்லை. அதை வைத்துக்கொண்டு 'மூளை வளரும்' என்பது அதிகப்பிரசங்கித்தனம்.

அதே போல, வகுப்பில் லேப்டாப்பில் குறிப்பெடுப்பதைவிடக் கையால் எடுத்தால் நன்றாகப் புரிகிறது என்று 2014ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்து புகழ்பெற்றது. 2021ல் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். லேப்டாப்காரர்கள் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இறக்குகிறார்கள் என்பது மறுபடியும் உறுதியானது, ஆனால் தேர்வில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. எனவே பெரியவர்கள் விஷயத்தில் நான் சண்டைக்கு வரமாட்டேன், உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்.

எழுத்து கற்கிற குழந்தைகள் விஷயம் வேறு, அங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ் இன்னும் வாசிக்கக் கற்காத ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று விதமாகப் பழக்கினார். சில எழுத்துகளைத் தாங்களாகவே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிகளின் மேல் இழுத்தார்கள், சிலவற்றை விசையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, வாசிப்பில் ஈடுபடும் பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துக்குத்தான் விழித்துக்கொண்டன. ஜேம்ஸ் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழந்தை எழுதும் ஒவ்வொரு 'அ'வும் ஒவ்வொரு விதமாகக் கோணலாக இருக்கும். அத்தனை கோணலுக்கு உள்ளும் மாறாமல் இருப்பது எதுவோ அதுதான் 'அ' என்று மூளை பிரித்தெடுக்கிறது. டேப்லட் திரையில் வரும் 'அ' எப்போதும் அழகாக ஒரே மாதிரி இருப்பதால் அந்த வேலை நடப்பதில்லை. அதாவது உங்கள் பிள்ளையின் அசிங்கமான எழுத்துதான் அதற்கு வாத்தியார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுத வைத்தவர்கள் மூளைப் படம் பார்த்துச் செய்யவில்லை. புள்ளி வைத்த நோட்டில் இழுப்பதோடு நிறுத்தாமல் வெறும் தாளைக் கொடுங்கள், கொஞ்ச நாளைக்கு அழிரப்பரை ஒளித்து வையுங்கள்.

கையெழுத்தை வைத்து குணம் சொல்லும் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?
(கோவை)

வேண்டாம். எழுதியவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தால் அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம், அதை நீங்களும் நானும்கூடச் செய்வோம். எல்லோரையும் ஒரே பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டால் அந்த நிபுணர்களின் வித்தை காணாமல் போகிறது, 1980களிலேயே சோதித்துவிட்டார்கள். 'கையெழுத்து அழகாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது' என்று நம் பாட்டிகள் சொல்வதற்கும் இதே அளவு ஆதாரம்தான் இருக்கிறது, அதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் கையெழுத்து நிபுணர் வேறு ஆள். 'எழுதியது யார்' என்பதைத்தான் அவர் சொல்வார், எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்லமாட்டார்.

எழுதத் தெரிந்து, வாசிக்கத் தெரியாமல் போகுமா? பிசியோதெரபி வகுப்பில் சொன்னார்கள், நம்ப முடியவில்லை.
(மாணவர், நாகர்கோவில்)

போகும் தம்பி. 1887ல் பாரிஸில் ஒரு வியாபாரிக்கு ஒரு நாள் திடீரென்று எழுத்துகள் புரியாமல் போயின. பார்வை இருந்தது, பேச்சு இருந்தது, சொன்னதை எழுதினார். தானே எழுதியதைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியவில்லை. ஜூல்ஸ் டெஜெரின் என்ற மருத்துவர் அவரை ஆராய்ந்தார், வியாபாரி இறந்த பிறகு 1892ல் அவருடைய மூளையைத் திறந்து பார்த்தார். மூளையின் பின்புறம் இடது பக்கப் பார்வைப் பகுதியும், இரண்டு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தின் பின்முனையும் சேதமாகியிருந்தன. கண்ணில் பட்ட எழுத்து, மொழி இருக்கும் பக்கத்துக்குப் போய்ச்சேர வழி இல்லை. எழுதும் பாதை தனி, அது தப்பித்துவிட்டது.

நமக்கு நெருங்கிய காலத்தில் இதே பாடுபட்டவர் கனடாவின் துப்பறியும் நாவலாசிரியர் ஹோவர்ட் எங்கெல். 2001ல் ஒரு நாள் காலையில் செய்தித்தாளை எடுத்தால் அது ஏதோ கிழக்கு ஐரோப்பிய மொழியில் அச்சாகியிருப்பது போலத் தெரிந்ததாம். பக்கவாதம். மனிதர் விடவில்லை. எழுத்துகளின் உருவத்தைக் கண்ணால் பார்த்து, நாக்கு நுனியால் பல்லின் பின்புறம் அப்படியே வரைந்து, அந்த அசைவை வைத்து இது இன்ன எழுத்து என்று கண்டுபிடித்துப் படிக்கப் பழகினார். பிறகு நாவலும் எழுதினார்! கதவு அடைத்துவிட்டது, அவர் சன்னல் வழியாக ஏறி உள்ளே போய்விட்டார், சன்னல் என்பது அசைவு. முதல் கேள்வி கேட்ட டீச்சரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா, அந்தத் திட்டம் கைக்கு மட்டும் சொந்தம் இல்லை என்று? நாக்கும் அதை எடுத்து ஆளலாம்.

கையே அசையாதவர் நினைத்தால் கம்ப்யூட்டர் எழுதுமாமே?
(சிங்கப்பூர் வாசகி)

எழுதுகிறது. 2021ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழு வெளியிட்டது. 65 வயதுக்காரர், 2007ல் தண்டுவடத்தில் அடிபட்டுக் கை கால் முடங்கியவர். மூளையில் கை அசைவுக்கான பகுதியில் சின்ன மாத்திரை அளவுள்ள இரண்டு மின்முனைச் சில்லுகளைப் பதித்தார்கள். அவர் தாளில் எழுதுவதாக மனதில் முயற்சி செய்ய, அந்தத் துடிப்புகளிலிருந்து கணினி எழுத்தைக் கண்டுபிடித்தது, நிமிடத்துக்கு 90 எழுத்து. கை செயலிழந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் எழுதும் திட்டம் உள்ளே அழியாமல் இருந்திருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம். அதுவரை இப்படிப்பட்டவர்களைத் திரையில் ஒரு அம்புக்குறியை நேராக நகர்த்தி எழுத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அதில் நிமிடத்துக்கு 40 எழுத்துதான் உச்சம். நேர்க்கோட்டு அசைவுகள் ஒன்றுக்கொன்று ரொம்ப ஒத்திருப்பதால் கணினி குழம்பும். வளைந்து நெளிந்து வேகம் மாறும் எழுத்துகளைப் பிரித்தறிவது அதற்குச் சுலபம். படித்ததும் எனக்கு ஓலைச்சுவடிதான் ஞாபகம் வந்தது. நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் எழுத்தை வளைத்துக்கொண்டே போனார்கள் என்று சொல்வார்கள் அல்லவா. இந்தக் கருவி ஒரு நாள் தமிழுக்கு வந்தால் நம் ஞ, ண, ழ எல்லாம் அதற்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்பது என் ஆசை, அறிவியல் இல்லை.

இந்தப் பதில்களைக் கையால் எழுதினீர்களா, டைப் அடித்தீர்களா?
(பல ஊர்களிலிருந்து, கொஞ்சம் நக்கலாக)

கையால்தான் ஆரம்பித்தேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்துக்கு மேல் நான் எழுதியது எனக்கே வாசிக்க வரவில்லை. டெஜெரின் நோயோ என்று ஒரு நிமிடம் பயந்து செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன், அது நன்றாக வாசிக்க வந்தது. மிச்சத்தை டைப் அடித்துவிட்டேன்.